மெத்தைக்காரரின் இலக்கியக் கருத்துகள்

ஒரு நாவலைக்கூட முழுசாகப் படிக்காமல் வாசகர் வட்டத்துக்குத் தலைவராகிவிடுவது என்று மெத்தைக்காரர் முடிவெடுத்தார். அதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. கடையில் இருக்கிற மெத்தையிலெல்லாம் படுத்துப் பார்த்துவிட்டா விற்கிறோம் என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டார். இல்லை என்று பதில் வந்தது. அப்புறமென்ன, விஷயம் முடிந்தது.

மெத்தைக்காரர் என்றதும் சொந்தக் கடை என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய தெருவில் இருக்கிற கட்டில், மெத்தைக் கடைக்கு அவர் மேலாளர். அவருக்கும் புத்தகத்துக்கும் பகை ஒன்றும் கிடையாது. எடுத்துப் பிரித்தால் மூன்றாம் பக்கத்தில் தூக்கம் வந்துவிடும், அவ்வளவுதான். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பிறத்தியார் தூக்கத்தைப் பற்றியே பேசுகிற மனுஷனுக்கு வேறு என்னதான் வரும்?

அவரை வாசகர் வட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது நாற்காலி. நூலகத்து மாடியில் இருந்த மர நாற்காலிகளுக்கெல்லாம் சின்னச் சின்ன மெத்தை தைத்துத் தரச் சொல்லி நூலகர் அம்மா கடைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மெத்தை சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க மேலாளரே நேரில் போனார். போன நேரம் அங்கே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு புது நாவல். அடுக்குமாடிக் கட்டிடத்தில் தன்னந்தனியாக வாழ்கிற ஒருத்தன், லிஃப்டில் மேலும் கீழும் போய்க்கொண்டே தன் தனிமையை நினைத்து நினைத்து உருகுகிற கதை. ஆளாளுக்கு அவனுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள். தனிமைதான் நவீன மனிதனின் விதி என்று ஒருவர் சொல்லி முடித்துப் பெருமூச்சு விட்டார்.

மெத்தைக்காரருக்கு அந்த லிஃப்ட்காரனை நன்றாகத் தெரியும். முந்தின நாள்தான் வீட்டில் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அவனை ஒரு பிடி பிடித்திருந்தாள். அந்த ஞாபகத்தில், குனிந்து நாற்காலிக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தவர், வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"தனியா இருக்கான், தனியா இருக்கான்கிறீங்க. அவன் குடிச்ச டீ கோப்பையை யார் கழுவறாங்க? வேலைக்கு ஒரு அம்மா வருதுல்ல, ஒரே ஒரு வரியில? அந்தம்மா வர்ற நேரத்துலகூட அவன் தனியாத்தான் இருக்கான்னா, அவனுக்குத் தனிமை இல்லைங்க. பக்கத்துல ஆள் இருக்கறது அவன் கண்ணுக்குத் தெரியலை."

தலைவராக இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"சார், நீங்க யாரு?"

"மெத்தை, சார்."

"அது சரி. இத்தனை நாளா எங்க இருந்தீங்க?"

கடையில் இத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டது கிடையாது. எப்போது கொண்டுவந்து போடுவீர்கள், எவ்வளவு குறைப்பீர்கள், இந்த இரண்டு கேள்விதான். இங்கே என்னடாவென்றால் படித்த ஜனங்கள் தலையை ஆட்டுகிறார்கள். நூலகர் அம்மா அவருக்கென்று ஒரு டீ வரவழைக்கிறார். மனுஷனுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார்.

வாரா வாரம் கருத்து வேண்டுமே, அதற்கு என்ன செய்தார் என்று கேட்பீர்கள். கருத்து அவர் வீட்டிலேயே விளைந்தது.

அவர் மனைவிக்குத் துணி துவைக்கிற மெஷின் கம்பெனி ஒன்றில் புகார் கேட்கிற வேலை. வீட்டிலிருந்தபடியே, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முன்னறை மேஜையில் உட்கார்ந்து பகல் பூராவும் கேட்பாள். தண்ணி இறங்கலை, மெஷின் குதிக்குது, சட்டை சாயம் போயிடுச்சு, நான் ஒண்ணுமே பண்ணலீங்க தானா நின்னுடுச்சு. எல்லாவற்றுக்கும் அதே நிதானத்தில் பதில் சொல்வாள். ஊரார் சொல்வதைக் கேட்கிற வேலை. அவள் சொல்வதைக் கேட்கத்தான் ஆள் கிடையாது. வேலை முடிந்ததும் பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாவல் படிப்பாள். வந்ததும் வராததுமாக வாடகை நூலகத்திலிருந்து எடுத்துவந்து, எல்லாருக்கும் முன்னால் படித்து முடித்திருப்பாள்.

அவளிடமிருந்து கருத்தை எப்படிக் கறப்பது என்பதற்கு மெத்தைக்காரர் கடை வித்தையைக் கையில் எடுத்தார். கடையில் ஒருவர் ஒரு மெத்தையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றால், இவர் பக்கத்தில் போய், "இது உங்களுக்குச் சரிப்படாது சார்" என்பார். உடனே அவருக்கு ரோஷம் வந்துவிடும். ஏன் சரிப்படும் என்று அவரே ஆயிரம் காரணம் சொல்லி, அதையே வாங்கிக்கொண்டு போய்விடுவார். வீட்டிலும் அதே கதைதான். தப்பாக ஒன்றைச் சொன்னால் போதும், மனைவி திருத்தாமல் விடமாட்டாள்.

ஒரு நாவலில், ஒரு பெண் வேறு ஊருக்குப் போய், பெயரை மாற்றிக்கொண்டு, தான் யார் என்று தேடிக்கொண்டிருந்தாள். அது சபைக்கு வருகிற வாரம், மெத்தைக்காரர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே தொடங்கினார்.

"அந்தப் பொண்ணு சுத்தத் திமிர் பிடிச்சது."

"எந்தப் பொண்ணு?"

"பேரை மாத்திக்கிட்டாளே, அவதான். வீட்ல என்ன குறை அவளுக்கு?"

"படிச்சீங்களா?"

"புரட்டினேன்."

"புரட்டினா அப்படித்தான் தெரியும்." மனைவி தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "நான் யாரு, நான் யாருன்னு பக்கத்துக்குப் பக்கம் கேக்கறா இல்ல? அது அவ கேள்வியே கிடையாது. என்னை யார் கவனிச்சீங்கன்னு கேக்க வந்தவ அவ. அதைக் கேக்க வெக்கமா இருக்கு. அதனால சுத்தி வளைச்சு இப்படிக் கேக்கறா. இந்தக் காலத்து நாவல்ல பாதி இப்படித்தான். அடையாளம்னு ஒரு பெரிய வார்த்தையைப் போட்டு மூடிடறாங்க. மூடியைத் தூக்கிப் பாத்தா உள்ள ஒரு ஆளு, யாராவது சாப்பிட்டியான்னு கேக்க மாட்டாங்களான்னு உக்காந்திருக்கு."

மெத்தைக்காரர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். இது அருமையான சரக்கு. ஞாயிற்றுக்கிழமை சபையே ஆடிவிடும்.

"மறுபடி சொல்லு," என்றார்.

"என்னது?"

"இப்ப சொன்னியே, மூடி, உள்ள ஆளு. அதை மறுபடி ஒரு தரம் சொல்லேன். மெதுவா."

மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன எதையும் அவர் மறுபடி சொல்லச் சொன்னதில்லை. ஒரு தரம் சொன்னதையே காதில் வாங்கியது கிடையாது. அவள் முகம் இளகிப்போனது. மறுபடி சொன்னாள், மெதுவாக. சொல்லிவிட்டு, நறுக்கி வைத்திருந்த ஆப்பிளில் நல்ல பாதியை அவர் தட்டில் நகர்த்தி வைத்தாள். இவர் அதைக் கவனிக்கவில்லை. உதட்டுக்குள் மனப்பாடம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து அவர் வீட்டுக்கு வருகிற நேரம் பார்த்து மனைவி பால்கனியில் இரண்டாவது நாற்காலியும் போட்டு வைத்தாள். காதல் நாவல், கண்ணீர் நாவல், ஒருத்தன் தன் நிழலோடு பேசுகிற நாவல் என்று வரிசையாகப் பேசினார்கள். அவள் பேசினாள், அவர் மறுபடி சொல்லச் சொன்னார். வீட்டில் அப்படி ஒரு நல்ல காலம் இதுவரை வந்ததில்லை. இரண்டு பேருமே சந்தோஷமாக இருந்தார்கள். காரணம்தான் வேறு வேறு.

சபையில் அவர் புகழ் ஏறிக்கொண்டே போனது. மனைவி சொன்னது தீர்ந்துபோனால் கடைப் பேச்சை எடுத்து விடுவார். "நாவல் ஓரத்துல உறுதியா இருக்கு, நடுவுல கொஞ்சம் அமுங்குது" என்று ஒருநாள் சொன்னார். அது ஏதோ புது விமர்சன முறை போலிருக்கிறது என்று எண்ணி வரி ஆலோசகர் குறித்துக்கொண்டார். இந்த வரி ஆலோசகர்தான் வட்டத்தில் எல்லா நாவலையும் கடைசி வரி வரை படிக்கிறவர். மூன்று நிறத்தில் அடிக்கோடு போடுவார். ஆனால் அவர் பேச எழுந்தால், மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஒரே ஒரு சிக்கல். மனைவியும் வாசகர் வட்டத்துக்கு வர ஆசைப்பட்டாள்.

"நானும் ஒருநாள் வரட்டுமாங்க?"

"நீயா? அங்க வந்து என்ன பண்ணுவே? எல்லாம் கிழடுங்க. ஒருத்தர் பேசினா ஒம்பது பேர் இருமறாங்க. பொம்பளைங்க ஒருத்தர்கூடக் கிடையாது."

அங்கே பாதிப் பேர் பெண்கள். அவர்கள் ஒருநாள், உங்கள் வீட்டில் வரமாட்டார்களா என்று கேட்டார்கள். மெத்தைக்காரர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "அவளுக்குப் புத்தகத்தைப் பாத்தாலே தலைவலி வந்துடும்" என்றார். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் தலைமையாசிரியர், முழங்கால் வலியில் மாடி ஏற முடியவில்லை, வேறு யாராவது தலைவராக வந்தால் தேவலை என்றார். வருகிற ஞாயிறு பெரிய நாவல் ஒன்றைப் பற்றிப் பேச்சு. பேச்சு முடிந்ததும் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்துவிடலாம் என்று முடிவானது. போட்டி மெத்தைக்காரருக்கும் வரி ஆலோசகருக்கும். அந்த நாவல் தலையணை தடிமன். வட்டத்தில் அதற்குச் செங்கல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தனிமை, அடையாளம், காதல் மூன்றும் அதற்குள்ளேயே இருக்கிறதாம். நல்லதாகப் போயிற்று, இருக்கிற சரக்கெல்லாம் ஒரே இடத்தில் செலவாகும் என்று மெத்தைக்காரர் நினைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் அவரைக் கொஞ்ச நேரம் கடையிலேயே விட்டுவிட்டு நாம் அவர் வீட்டுக்குப் போகவேண்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை. மனைவி காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிர்முனையில் ஒரு பெரியவர். மெஷின் பாதியில் நின்றுவிட்டது, துணியெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது. கதவு திறக்கவில்லை.

"பின்னாடி குழாய் மடங்கியிருக்கா பாருங்க சார். மடங்கியிருந்தா நிமித்தி விடுங்க. தண்ணி இறங்கட்டும், அதுவரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

தண்ணீர் இறங்க நேரமெடுத்தது. பெரியவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"உங்களை நினைச்சா பாவமா இருக்கும்மா. நாள் பூரா மத்தவங்க குறையைக் கேக்கறீங்க. எங்க வாசகர் வட்டத்துல ஒருத்தர் சொன்னார், அடையாளம்கற பெரிய வார்த்தையோட மூடியைத் தூக்கிப் பாத்தா உள்ள ஒரு ஆளு, சாப்பிட்டியான்னு யாராவது கேப்பாங்களான்னு உக்காந்திருக்குமாம். என்ன ஒரு யோசனை பாருங்க."

மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"யாரு சார் சொன்னது?"

"மெத்தைக் கடை மேலாளர். இலக்கியம் படிச்சவர் கிடையாது. எல்லாம் சொந்த யோசனை."

"வேற என்ன சொன்னார்?"

பெரியவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். டீ கோப்பை வந்தது. காதல் நாவல் வந்தது. நிழல் வந்தது. தண்ணீர் எப்போதோ இறங்கிவிட்டது, இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

"அவர் மனைவியும் உங்க வட்டத்துக்கு வருவாங்களா?"

"அந்தம்மாவுக்குப் புத்தகத்தைப் பாத்தாலே தலைவலியாம். கொடுத்து வெக்கலை."

"ஓகோ," என்றாள் மனைவி. "பெண்கள் வரலாமா சார், உங்க வட்டத்துக்கு?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? பாதிப் பேர் பெண்கள்தான். நீங்க படிப்பீங்களா? ஞாயிற்றுக்கிழமை வாங்களேன். செங்கல் நாவல் பத்திப் பேசறோம். தலைவர் தேர்தல்கூட இருக்கு."

"பாக்கறேன் சார். கதவு இப்ப திறக்கும், இழுத்துப் பாருங்க."

பேச்சு முடிந்ததும் அவள் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த அழைப்பை எடுக்காமல் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, மெஷின் குதிக்குது என்ற இன்னொருவருக்குப் பதில் சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மெத்தைக்காரர் வீட்டுக்கு வந்தபோது பால்கனியில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நின்றபடியே வலையை விரித்தார்.

"செங்கல் நாவல் இருக்கே, சுத்தக் குப்பை."

"ஆமாங்க," என்றாள் மனைவி.

மெத்தைக்காரர் திடுக்கிட்டார். கடையில் இப்படி நடந்ததே இல்லை.

"குப்பைன்னா... அப்படியே குப்பைன்னும் சொல்லிட முடியாது. சில இடம் நல்லா இருக்கு."

"ஆமாங்க, நல்லா இருக்கு."

"அதுல வர்ற புருஷன் நல்லவன்."

"நல்லவன்தான்."

"ஆனா கொஞ்சம் கெட்டவன்."

"கெட்டவன்தான்."

"நீ படிச்சியா இல்லையா?"

"படிச்சேன். எனக்கு என்னங்க கருத்து இருக்கு? வேலை செஞ்சு செஞ்சு தலைவலிதான் இருக்கு. நீங்களே சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்."

புதன்கிழமையும் அதே ஆமாங்க. வியாழக்கிழமை வேறு வழியில்லாமல் செங்கலைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தானே படிக்கப் பார்த்தார். உட்கார்ந்து படித்தால் தூக்கம் வருகிறதென்று நின்றுகொண்டு படித்தார். நின்றுகொண்டே தூங்கினார். வாடிக்கையாளர் ஒருவர், விற்பனைக்குச் சாத்தி வைத்திருக்கிற மெத்தையில் மேலாளர் சாய்ந்து தூங்குவதைப் பார்த்துவிட்டு, அவ்வளவு நல்ல மெத்தையா என்று கேட்டு அதையே வாங்கிக்கொண்டு போனார். வியாபாரம் நடந்தது, இலக்கியம் நடக்கவில்லை. சனிக்கிழமைக்குள் மனுஷன் வாடிப்போய்விட்டார். மூன்று நிறத்தில் அடிக்கோடு போட்ட வரி ஆலோசகர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலவே கண் முன்னால் வந்தது.

கடைசியில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இதோ பார், நாளைக்கு நான் பேசியாகணும். ஏதாவது ஒண்ணு சொல்லு. உனக்கு அந்த நாவலைப் பத்தித் தோணினது ஏதாவது."

"வேண்டாங்க. எனக்குத் தோணறதை நீங்க அங்க சொன்னா நல்லா இருக்காது."

"ஏன் நல்லா இருக்காது?"

"ஆம்பளைங்க சொல்ற மாதிரி கருத்து இல்லை அது. உங்களுக்குச் சரிப்படாது. விடுங்க."

"சரிப்படுமா இல்லையான்னு நான் பாத்துக்கறேன். சொல்லு."

மனைவி ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"அந்த நாவல் முழுக்க புருஷன்தான் பேசறான். தனிமைங்கறான், நான் யாருங்கறான், காதல்னா என்னங்கறான். எல்லாத்தையும் அவனே எடுத்துக்கிட்டான். பொண்டாட்டி அதே வீட்லதான் இருக்கா. அவ பேசறது மொத்தமே நாலு வரிதான். அந்த நாலு வரியைத்தான் அவன் மாத்தி மாத்திப் பக்கம் பக்கமா யோசிக்கிறான். எழுதினவருக்கு இது தெரிஞ்சிருக்கு, அதனாலதான் அது நல்ல நாவல். இதைப் படிச்சுட்டு ஒரு ஆம்பளை எழுந்து நின்னு கருத்து சொன்னா, அவன் படிக்கலைன்னு அர்த்தம். நிஜமாவே படிச்சவன், முதல்ல அவளைப் பேச விட்டுட்டு, தன் நாற்காலியையும் அவளுக்கு விட்டுட்டு உக்காருவான்."

மெத்தைக்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. வரி ஆலோசகரின் அடிக்கோடெல்லாம் இதற்கு முன்னால் எந்த மூலைக்கு? படித்தவனே படிக்கவில்லை என்றாகிவிடுமே.

"மறுபடி சொல்லு," என்றார்.

அவள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். அப்புறம் மறுபடி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடி நிறைந்துவிட்டது. முதலில் வரி ஆலோசகர் பேசினார். எந்தப் பக்கத்தில் எந்த உவமை என்று சொல்லிக்கொண்டே போனார். நூலகர் அம்மா இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். அவர் உட்கார்ந்ததும் மெத்தைக்காரர் எழுந்தார். அந்தச் சமயம் பார்த்துக் கதவு திறந்தது. உள்ளே வந்தது அவர் மனைவி.

மெத்தைக்காரர் மறுபடி உட்காரப் பார்த்தார். தலைமையாசிரியர், "யாரும்மா நீங்க?" என்றார். அந்தக் குரலை அவள் உடனே கண்டுகொண்டாள்.

"நீங்கதான் வரச் சொன்னீங்க சார். மெஷின் இப்ப ஓடுதா?"

"அட, அந்தக் குரல்," என்று தலைமையாசிரியர் முகம் மலர்ந்தார். "உக்காருங்கம்மா, உக்காருங்க. மெத்தைக்காரரே, இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

"பாத்திருக்கேன்," என்றார் மெத்தைக்காரர்.

மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்து, நீங்கள் பேசுங்கள் என்பது போலத் தலையை அசைத்தாள். இனிமேல் பேசாமல் உட்கார்ந்தால் அசிங்கம். அவருக்குத் தெரிந்ததோ ஒரே ஒரு பேச்சு. பேசினார். மனப்பாடம் செய்தது ஒரு வார்த்தை பிசகவில்லை. நாலு வரி என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தினார். நிஜமாகவே படித்தவன் முதலில் அவளைப் பேச விட்டுவிட்டு, தன் நாற்காலியையும் விட்டுவிட்டு உட்காருவான் என்று முடித்தபோது, பெண்கள் பக்கம் கைதட்டல் நிற்கவே இல்லை. மெத்தைக்காரர் தலைவர் நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ரொம்ப சரி," என்றார் தலைமையாசிரியர். "நீங்க சொன்னதையே இப்ப செஞ்சு பாத்துடுவோம். அம்மா, புதுசா வந்திருக்கீங்க. முதல்ல நீங்க பேசுங்க."

மனைவி எழுந்தாள். காகிதம் இல்லை, கனைப்பு இல்லை. புகார் கேட்கிற அதே நிதானம். லிஃப்ட்காரனிலிருந்து தொடங்கினாள். பேரை மாற்றிக்கொண்டவளுக்கு வந்தாள். மெத்தைக்காரர் இத்தனை வாரம் அரையும் குறையுமாகச் சொல்லிவிட்டுப் போன ஒவ்வொன்றையும் எடுத்து, அவர் விட்ட இடத்திலிருந்து மீதியைச் சொன்னாள். நடுநடுவே சிரிக்க வைத்தாள். "தனிமையைப் பத்தி எழுதறவங்களுக்கு நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்வேன், உங்க ஆளை ஒரு நாள் எங்க புகார் லைன்ல உக்கார வைங்க" என்றபோது நூலகர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். டீ குடிக்க ஒருவரும் எழுந்து போகவில்லை.

அவள் முடித்ததும் வரி ஆலோசகர் கையைத் தூக்கினார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டவர் அவர் ஒருவர்தானே.

"இவங்க சொல்றது நம்ம மெத்தைக்காரர் சொல்ற மாதிரியே இருக்கே?"

மெத்தைக்காரருக்கு வியர்த்துவிட்டது. எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியது. வாசல் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டார்.

"இருக்காதா பின்னே?" என்றாள் மனைவி. "ஒரே வீட்லதானே இருக்கோம். நான் அவர் மனைவி. தலைவலி போன வாரம் சரியாயிடுச்சு."

சபை கொல்லென்று சிரித்தது. அவள் விடவில்லை.

"எனக்கு நாலு பேர் முன்னாடி பேசக் கூச்சம். அதனால இத்தனை நாளா என் சார்பா அவர் வந்து பேசிட்டிருந்தார். வீட்ல வந்து நான் சொல்றதை மறுபடி மறுபடி கேட்டு, ஒரு வார்த்தை தப்பாம இங்க கொண்டுவந்து சேத்தார். இன்னிக்கு நாற்காலியையும் எனக்கு விட்டுக்கொடுக்கறதாச் சொல்லித்தான் பேச்சையே முடிச்சார். எந்தப் புருஷனுக்குங்க இந்த மனசு வரும்?"

மறுபடி கைதட்டல், இந்த முறை மெத்தைக்காரரின் மனசுக்கு. அவரால் என்ன செய்ய முடியும்? இல்லை என்றால் திருடன், ஆமாம் என்றால் நாற்காலி போச்சு. ஆமாம் என்று தலையாட்டினார். மனைவியின் பெயரை முன்மொழியும்படி தலைமையாசிரியர் அவரிடமே சொன்னார். முன்மொழிந்தார். வரி ஆலோசகர் வழிமொழிந்தார். மெத்தைக்காரர் தன் கடையில் தைத்த மெத்தையைத் தன் கையாலேயே தட்டிச் சரிசெய்து கொடுக்க, அவர் மனைவி தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். கடைகள் பாதி மூடியிருந்தன.

"என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம்ல?" என்றார் மெத்தைக்காரர்.

"கொடுத்திருக்கலாம்."

"ஏன் கொடுக்கலை?"

"நான் சொன்னதை நீங்க சொல்லிப் பேர் வாங்கினதுல எனக்குக் கோபம் இல்லை. நாலு பேருக்குப் பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சப்ப சந்தோஷமாக்கூட இருந்துச்சு. ஆனா மறுபடி சொல்லுன்னு கேட்டீங்களே, அப்ப நான், இவருக்கு நாம பேசறதைக் கேக்க ஆசையா இருக்குன்னு நினைச்சுட்டேன். நாற்காலி எல்லாம் எடுத்துப் போட்டு வெச்சேன். அது சபைக்குத்தான்னு தெரிஞ்சப்ப அழுகை வந்துடுச்சு."

மெத்தைக்காரருக்குத் தலைவர் பதவி போன துக்கம்கூட அந்த நேரத்தில் பெரிதாகத் தெரியவில்லை. தப்புதான் என்றார். அது மட்டும் அவருடைய சொந்தக் கருத்து.

வீட்டு வாசலில் அவள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரத்துக்கென்று நூலகர் அம்மா கொடுத்தனுப்பிய புது நாவல் அவள் கையிடுக்கில் இருந்தது. செங்கலைவிடத் தடிமன்.

"இந்த நாவல் நீ முன்னாடியே படிச்சதுதானே?" என்று மெத்தைக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இதைப் பத்தி என்ன நினைக்கிறே? சத்தியமா சபைக்கு இல்லை. எனக்கே கேக்கணும்போல இருக்கு."

நிஜமாகவே இருந்தது. அது அவருக்கே ஆச்சரியம். மனைவி அதைக் கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கிறது, முகம் பழையபடி இளகியது. கதவைத் திறந்து, நாவலை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை சபையில சொல்றேன். முதல் பேச்சாளர் நீங்க, அதுக்கப்புறம்தான் நான்."